தோல் கிளட்ச் (கையில் பிடிக்கும் சிறு பை) கையால் தைப்பதும் ஓரம் மெருகேற்றுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் பையைக் கையில் வாங்கியதும், தொழில் தெரிந்தவரின் கட்டைவிரல் தானாக ஓரத்துக்குப் போகும். வெட்டு நேராக இருந்ததா, பசை அளவாக இருந்ததா, தோல் நல்ல இடத்துத் தோலா என்பதெல்லாம் அந்த 4 மி.மீ. அகல ஓரத்தில் தெரிந்துவிடும். கடைசி நாளில் உட்கார்ந்து எவ்வளவு தேய்த்தாலும், முதல் நாள் வெட்டில் விட்ட பிழையை ஓரம் மறைக்காது. அதனால் இங்கே தோல் வாங்குவதிலிருந்தே தொடங்கியிருக்கிறோம். பதில்கள் எல்லாம் ஒரே மாதிரிப் பையை வைத்துத்தான்: 27 செ.மீ. அகலம், 16 செ.மீ. உயரம், முன்னால் மடிந்து விழும் மூடி, ஒரு காந்தப் பொத்தான்.

இந்த அளவுப் பைக்கு எவ்வளவு தோல் வாங்க வேண்டும்?

உடல் முழுவதும் ஒரே துண்டு: 27 × 45 செ.மீ. நீளத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: முன்பக்கம் 16, அடி வளைவுக்கு 1, பின்பக்கம் 16, மேல் வளைவுக்கு 1, மூடி 11. வளைவுக்கான அந்த ஒவ்வொரு சென்டிமீட்டரையும் சேர்க்காவிட்டால் பை காலியாக இருக்கும்போது அழகாக மூடும், போனை வைத்ததும் மூடி எட்டாது.

இது தவிர 1 × 15.5 செ.மீ. அளவில் இரண்டு இடைப்பட்டைகள், 18 × 10 செ.மீ. உள்பை, 2 × 38 செ.மீ. கைவார், அதை மாட்ட 2 × 6 செ.மீ. காது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,500 சதுர செ.மீ. ஒரு சதுர அடி 929 சதுர செ.மீ. என்பதால் கணக்குப்படி 1.6 சதுர அடி வரும். கழிவோடு 2 முதல் 2.5 சதுர அடி வாங்குங்கள். அதில் 27 × 45 அளவுக்குத் தழும்பில்லாத ஒரே பரப்பு இருக்கிறதா என்று அட்டையை மேலே வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இடைப்பட்டை எதற்கு?

முன்பக்கமும் பின்பக்கமும் நேரடியாக ஒட்டித் தைத்தால் பக்கவாட்டில் தோல் இறுகிப் பைக்குள் இடமே இருக்காது. தையலும் உரசலைத் தாங்க வேண்டியிருக்கும். நடுவில் அதே தோலில் 1 செ.மீ. பட்டை ஒன்றை வைத்தால் உள்ளே சற்று இடம் கிடைக்கும். ஓரமும் 3 மி.மீ.யிலிருந்து 4.5 மி.மீ.க்கு வளர்கிறது. மெருகேற்றும்போது தேய்ப்புக் கட்டை நிற்பதற்கு இந்த அகலம் பெரிய உதவி. பட்டையின் அடி முனையைக் கடைசி 15 மி.மீ.க்குச் சரிவாகச் சீவிக் கூர்மையாக்குங்கள். சீவாமல் வைத்தால் அடி மடிப்பில் முட்டிக்கொண்டு மூலை புடைத்து நிற்கும்.

எந்தத் தோல் நல்லது?

ஓரத்தைத் தேய்த்தே மெருகேற்ற வேண்டும் என்றால் மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் வேண்டும். கடைகளில் 'வெஜ்-டான்' என்று கேளுங்கள். உடலுக்கு 1.4 முதல் 1.6 மி.மீ. கனம். இதைவிட மெல்லியது தொய்ந்துவிடும், 2 மி.மீ. வைத்தால் மூடி மடியாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். உள்பைக்கு 0.8 மி.மீ. ஆட்டுத்தோல் போதும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கங்களில் ஆவாரம் பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த தோல்தான் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் கப்பலேறியது. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆவாரம் பட்டையின் இடத்தை இப்போது பெரும்பாலும் 'வாட்டில்' என்னும் மரத்தின் பட்டைச் சாறு பிடித்துக்கொண்டாலும் வேலைக்கு அருமையான தோல் அது. சாயமும் மேற்பூச்சும் இல்லாத நிலையில் வாங்கினால் ஓரம் மிக நன்றாக ஏறும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளிலிருந்து வரும் காலணித் தோலில் பெரும்பகுதி குரோம், அதாவது பட்டைக்குப் பதில் குரோம் உப்பில் பதனிட்டது. அதிலும் நல்ல கிளட்ச் தைக்கலாம். ஆனால் ஓரத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும், கீழே சொல்லியிருக்கிறோம்.

கடையில் குரோமா, பட்டைத் தோலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓரத்தில் ஒரு சிறு நறுக்கு வெட்டச் சொல்லி வெட்டுவாயைப் பாருங்கள். பட்டைத் தோல் உள்ளேயும் பழுப்பாக இருக்கும். குரோமில் நடுவே நீலச்சாம்பல் கோடு தெரியும். முழுக்கச் சாயம் ஏறிய தோலில் இது தெரியாது. அப்போது உள்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நகத்தால் அழுத்துங்கள். பட்டைத் தோல் தண்ணீரை இழுத்துக் கறுக்கும், நகத்தடம் அப்படியே நிற்கும். குரோம் தோலில் தடம் மெல்ல எழும்பி மறைந்துவிடும்.

சென்னைக்காரர்கள் பெரியமேட்டில் வாங்குவார்கள். அங்கே இன்னொன்றையும் பாருங்கள். தோலை முகப்பக்கம் (வழவழப்பான வெளிப்பக்கம்) உள்ளே வருமாறு லேசாக மடியுங்கள். மெல்லிய, நெருக்கமான சுருக்கம் விழுந்தால் நல்ல தோல். பெரிய பெரிய அலையாகப் புடைத்தால் அது வயிற்றுப் பகுதி, நார் தளர்ந்த இடம். விலை குறைவாகத் தருவார்கள். ஆனால் அதன் ஓரம் எவ்வளவு தேய்த்தாலும் பஞ்சு பஞ்சாகவே நிற்கும். முதுகுப் பகுதியாகப் பார்த்து எடுங்கள்.

குறைந்தபட்சம் என்னென்ன கருவிகள் வேண்டும்?

கூரான கட்டர், எஃகு அளவுகோல், வெட்டுப்பாய், 4 மி.மீ. இடைவெளியுள்ள பல் உளி (இரண்டு பல்லில் ஒன்று, ஆறு பல்லில் ஒன்று), மரச் சுத்தியல் அல்லது நைலான் சுத்தியல், குத்தூசி, முனை மழுங்கிய தோல் ஊசி இரண்டு, 0.6 முதல் 0.8 மி.மீ. மெழுகு நூல், கோடு போடக் கவராயம், விளிம்பு சீவும் பெவலர், 240, 400, 600, 1000 எண் உப்புத்தாள்கள், பள்ளம் வெட்டிய தேய்ப்புக் கட்டை.

பணத்தை எங்கே போடுவது என்றால் உளியிலும் பெவலரிலும். இவை மட்டமாக இருந்தால் கைத்திறமை எடுபடாது. தேய்ப்புக் கட்டையைக் கடைசல்காரரிடம் கருங்காலியிலோ தேக்கிலோ ஒன்று கடைந்து வாங்கிக்கொள்ளலாம். பள்ளத்தின் அகலம் உங்கள் ஓரத்தைவிட ஒரு மி.மீ. மட்டும் கூடுதலாக இருக்கட்டும். பெரிய பள்ளத்தில் சின்ன ஓரம் ஆடும்.

வெட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று விஷயங்கள். உடலின் 45 செ.மீ. நீளம் மாட்டின் முதுகெலும்புக் கோட்டோடு ஒத்துப் போகட்டும். அந்தத் திசையில் தோல் குறைவாகவே இழுபடும். குறுக்கே வெட்டினால் நாளடைவில் மூடி தொங்கும்.

அடுத்து, கட்டரை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். கை சாய்ந்தால் வெட்டுவாய் சரிவாகிவிடும். மூன்று அடுக்கிலும் அந்தச் சரிவு சேரும்போது உப்புத்தாளில் தேய்த்தே 1 மி.மீ. தோலை இழப்பீர்கள். ஒரே அழுத்தில் வெட்ட முயல வேண்டாம். அளவுகோலை நகர்த்தாமல் இரண்டு மூன்று இழுப்பில் வெட்டுங்கள்.

பக்கவாட்டில் இருபுறமும் 1 மி.மீ. கூடுதலாக விடுங்கள், ஒட்டிய பிறகு சமன் செய்ய அது வேண்டும். மூடியின் மூலைகளுக்கு 6 செ.மீ. வாயுள்ள எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துக் கோடு போட்டால் 3 செ.மீ. ஆரம் வரும். அந்த வளைவை ஒரே இழுப்பில் வெட்டாமல் சின்னச் சின்ன நேர்வெட்டுகளாக வெட்டிப் பிறகு உப்புத்தாளில் உருட்டுவது சுலபம்.

ஓர வேலையைக் கடைசியில்தானே செய்ய வேண்டும்?

இல்லை. தைத்த பிறகு கட்டை எட்டாத ஓரங்களை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பையின் வாய் (முன்பக்கத்தின் மேல் விளிம்பு), உள்பையின் மேல் விளிம்பு, இடைப்பட்டையின் உள்பக்க விளிம்பு ஆகிய மூன்றும் அப்படிப்பட்டவை. புதிதாகச் செய்பவர்களில் பலரும் வாயை மறந்துவிடுகிறார்கள். பை முடிந்த பிறகு மூடியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த முரட்டு விளிம்புதான். பையில் கை போய்வரும் ஒவ்வொரு முறையும் விரலில் படுவதும் அதுதான்.

லைனிங் வைக்காத பையென்றால் உட்பக்க நாரையும் இந்தக் கட்டத்திலேயே படிய வையுங்கள். ஓரத்துக்குப் பூசும் அதே பசைக்கரைசலை (ஒட்டும் பசை அல்ல, மெருகேற்றும் பிசின் கரைசல், கீழே வரும்) மெல்லப் பூசி, அரை ஈரத்தில் கண்ணாடித் துண்டின் உருட்டிய விளிம்பால் ஒரே திசையில் இழுத்துத் தேய்த்தால் நார் உதிராது. பக்க ஓரங்களில் 1 செ.மீ. மட்டும் பூசாமல் விடுங்கள், அங்கேதான் ஒட்டப் போகிறோம்.

காந்தப் பொத்தானை எங்கே வைப்பது?

14 மி.மீ. பொத்தான் போதும். மூடிப் பக்கத்துப் பொத்தானை, மூடி விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. உள்ளே முதலில் பொருத்துங்கள். எதிர்ப் பொத்தானின் இடத்தை அளவுகோல் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பையை மடித்து, உள்ளே போன் கனத்துக்கு 1 செ.மீ. அளவில் அட்டைகளை அடுக்கி, மூடியைக் கவிழ்த்து அழுத்துங்கள். பொத்தான் பதியும் தடம்தான் சரியான இடம்.

பொத்தானின் காலை மடக்கும்போது பின்னால் 3 செ.மீ. தோல் துண்டு ஒன்றைச் சேர்த்து மடக்குங்கள். துண்டு இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழுவை முழுவதும் இரண்டு சிறு கீறல்களில் விழும். சில மாதங்களில் அவை கிழியும். மடக்கிய காலை மேலே இன்னொரு மெல்லிய துண்டு ஒட்டி மூடிவிடுங்கள், போன் திரையில் கீறாது.

உள்பை, கைவார் எப்போது?

இரண்டும் பக்கங்களை ஒட்டுவதற்கு முன். உள்பையைப் பின்பக்கத்தில் மூன்று புறமும் தையுங்கள். அந்தத் தையல் வெளியே தெரியும், ஆகவே பை விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். கைவாரின் காது பக்கத் தையலுக்குள் போகிறது. அதன் இரு முனைகளையும் பாதிக் கனத்துக்குச் சீவிவிடுங்கள்.

மடிப்பை எப்படி உருவாக்குவது?

மடிப்புக் கோட்டின் உட்பக்கத்தில் ஈரப் பஞ்சால் இருமுறை தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். பென்சில் பருமனுள்ள மரக்குச்சியை வைத்து அதன்மேல் மடித்து, துணி கொடுத்து மூடிக் கனமான பொருளை ஏற்றி இரவு முழுவதும் விடுங்கள். உலர்ந்த தோலை அப்படியே மடித்து அழுத்தினால் முகப்பக்கம் வெடிக்கும். அந்த வெடிப்புக்கு மருந்து கிடையாது.

எந்தப் பசை, எவ்வளவு?

செருப்புக் கடையில் 'சொல்யூஷன்' என்று கேட்டால் தரும் மஞ்சள் பசை போதும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், அதன் வாடை தலையைச் சுற்றும். ஒட்டவேண்டிய பரப்பு முகப்பக்கமாக இருந்தால் (இடைப்பட்டையின் ஒரு பக்கம் அப்படித்தான்) அங்கே உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். வழவழப்பான முகத்தில் பசை பிடிக்காது.

இரு பரப்பிலும் மெல்லப் பூசி, 10 முதல் 15 நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் நிலையில் சேர்த்து அழுத்திச் சுத்தியலால் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் பசை ஓரத்தில் பிதுங்கும். பிதுங்கிய பசை ஓரத்துக்கு எதிரி. அது படிந்த இடத்தில் சாயமும் ஏறாது, தண்ணீரும் ஏறாது, மெருகும் ஏறாது.

ஒட்டிய ஒரு மணி நேரம் கழித்து, துளை போடுவதற்கு முன், 240 உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றிப் பக்கங்களைச் சமன் செய்யுங்கள். தையல் கோட்டைச் சமமான விளிம்பிலிருந்துதான் அளக்க வேண்டும். சமன் செய்யாமல் கோடு போட்டுத் தைத்துவிட்டு அப்புறம் தேய்த்தால், தையலுக்கும் விளிம்புக்கும் உள்ள தூரம் ஒரு முனையில் 4 மி.மீ., மறு முனையில் 3 மி.மீ. என்று ஓடும்.

தையல்?

விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே கோடு. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 39 துளை வரும். 4.5 மி.மீ. கனத்தில் உளி சாய்ந்தால் பின்பக்கத் துளைகள் வளைந்து ஓடும், ஆகவே உளியை நிமிர்த்திப் பிடித்துத் தட்டுங்கள். நூல் நீளம் தையலின் நான்கு மடங்கு, அதோடு கைப்பிடிக்கு 30 செ.மீ. 16 செ.மீ. தையலுக்கு 95 செ.மீ. நூல் போதும். இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் முன் ஊசி முதலில், பின் ஊசி அதன் பிறகு, நூலின் ஒரே பக்கமாக. இந்த வரிசை ஒரு துளையில் மாறினாலும் அந்த இடத்தில் தையலின் சாய்வு மாறித் தெரியும்.

அடியில் தொடங்கி வாயில் முடியுங்கள். வாய்தான் அதிகம் இழுபடும் இடம். அங்கே விளிம்பைச் சுற்றி ஒரு கண்ணி போட்டு இரண்டு துளை பின்னோக்கித் தையுங்கள். பாலியெஸ்டர் நூலென்றால் 2 மி.மீ. விட்டு வெட்டி லைட்டரால் சுட்டு அழுத்துங்கள். பிறகு தையல் முழுவதையும் சுத்தியலால் லேசாகத் தட்டிப் படிய வையுங்கள்.

சரி, ஓரத்துக்கு வருவோம். படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் 240 உப்புத்தாள். மூன்று அடுக்கின் கோடும் ஒரே மட்டத்தில் வரும்வரை நீளவாக்கில் தேய்க்க வேண்டும். கண்ணை நம்பாதீர்கள், நகத்தை ஓரத்தின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். எங்காவது தட்டினால் இன்னும் சமமாகவில்லை என்று பொருள். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் மேற்கொண்டு செய்யும் எந்த வேலையும் எடுபடாது.

அடுத்து பெவலர். இரு விளிம்பிலும் 45 பாகையில் பிடித்து, நிறுத்தாமல் ஒரே இழுப்பு. மெல்லிய நூல்போல ஒரே இழையாகத் தோல் உரிந்து வந்தால் கருவி கூராக இருக்கிறது. துண்டு துண்டாக வந்தால் தீட்ட வேண்டும். இதற்கு 0.8 முதல் 1 மி.மீ. அளவு பெவலர் சரி. மூடியின் ஒற்றை அடுக்குக்கு இன்னும் சிறியது வேண்டும். பெரியதைப் போட்டால் 1.5 மி.மீ. ஓரம் கத்தி முனையாகிவிடும். இதன் பிறகு 400 உப்புத்தாளால் சீவிய முனைகளை உருட்டுங்கள்.

சாயம் வேண்டுமென்றால் இப்போதுதான். பஞ்சுக்குச்சியில் நனைத்து, சொட்டும் ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஓரத்தின் நடுவில் மட்டும் இழுங்கள். தோலே அதை விளிம்புவரை உறிஞ்சிக்கொள்ளும். பசைக்கரைசல் பூசிய பிறகு சாயம் ஏறாது என்பதால் இந்த வரிசையை மாற்ற முடியாது. அரை மணி நேரம் உலரட்டும்.

பிறகு ஈரம். விரலில் தண்ணீர் தொட்டு ஓரத்தில் தடவுங்கள். தோல் கறுத்து, ஒரு நிமிடத்தில் அந்தக் கறுப்பு சற்று வெளிறத் தொடங்கும். அந்த நேரத்தில் பசைக்கரைசலை, அதாவது டிரகாகாந்த் என்னும் செடிப் பிசினின் கரைசலையோ 'டோக்கோனோலே' என்று கடையில் கிடைக்கும் மெருகுப் பசையையோ மெல்லப் பூசி, தேய்ப்புக் கட்டையை எடுங்கள். 10 செ.மீ. நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இந்த இடத்தில் காதையும் கையையும் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில இழுப்புகளில் கட்டை ஈரத்தில் தயங்கித் தயங்கிப் போகும். அழுத்தம் கூடாது, வேகம் போதும். கொஞ்ச நேரத்தில் பிசுபிசுப்பு வரும், கட்டை தோலைப் பிடித்து இழுக்கும், 'கிரீச்' என்று சத்தம் வரும். பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் இருபது முப்பது இழுப்பு போங்கள். ஓரம் விரலுக்கு இளஞ்சூடாகத் தெரியும், சத்தம் அடங்கும், கட்டை சட்டென்று வழுக்கத் தொடங்கும். நார்கள் படுத்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம்.

உலர்ந்ததும் தடவினால் மறுபடியும் லேசாகச் சொரசொரக்கும், பயப்படாதீர்கள். படுக்காமல் தப்பிய நார்கள் எழுந்திருக்கின்றன. 600 உப்புத்தாள், மறுபடி மெல்லிய பசைக்கரைசல், மறுபடி கட்டை. அடுத்த சுற்றுக்கு 1000. மூன்று சுற்று போதும். கடைசியில் மெழுகைத் தேய்த்து, காடாத்துணியையோ பழைய ஜீன்ஸ் துணியையோ மடித்துச் சூடு பறக்கத் துடையுங்கள். இந்தப் பைக்கு வெளி ஓரம் மொத்தம் 80 செ.மீ. பக்கம் வரும். பொறுமையாகச் செய்தால் இரண்டரை மூன்று மணி நேரம் ஆகும், அதற்குக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

குரோம் தோல் ஏன் இப்படி மெருகேறுவதில்லை?

பட்டைத் தோலின் நார் தண்ணீரில் ஊறித் தளர்ந்து, அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் இணங்கிப் படுத்து, உலரும்போது அப்படியே இறுகிவிடும். குரோம் உப்பில் பதனிட்ட நார் ஸ்பிரிங் மாதிரி. படுக்க வைத்தாலும் எழுந்துவிடும், தண்ணீரும் எளிதில் ஏறாது. அதற்கு இரண்டு வழிகள்: ஓரத்தை 10 மி.மீ. அகலத்துக்கு 0.5 மி.மீ. கனமாகச் சீவி உள்ளே மடித்து ஒட்டுவது, இல்லையென்றால் எட்ஜ் பெயிண்ட் (ஓரத்தில் பூசும் வண்ணப்பூச்சு).

எட்ஜ் பெயிண்ட் வெடிக்கிறது, உரிகிறது. ஏன்?

வெடிப்பதற்குக் காரணம் கனமான பூச்சு. ஒரே தடவையில் மூடிவிடலாம் என்று தடிமனாகப் பூசினால் பூச்சின் மேற்படலம் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், மடிப்பில் முதலில் விரிசல் விடும். மெல்லியதாக மூன்று முதல் ஐந்து பூச்சு போடுங்கள். குத்தூசியின் பக்கவாட்டில் பெயிண்டை எடுத்து ஓரத்தில் உருட்டினால் அளவாக ஒட்டும், முகத்தில் வழியாது. முதல் பூச்சு அடுக்குகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பத்தான். அது நன்றாகக் காய்ந்ததும் 400 உப்புத்தாளால் பாதிக்கு மேல் தேய்த்தெடுத்துவிடுங்கள். வீணாகிறதே என்று தேய்க்காமல் விட்டால் பள்ளம் கடைசிப் பூச்சுவரை தெரியும்.

உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் மெழுகு. மெழுகோ எண்ணெயோ பட்ட ஓரத்தில் பெயிண்ட் பிடிக்காது. மெழுகு எப்போதும் கடைசிப் பூச்சுக்கு மேலேதான்.

பிசின் கரைசலுக்குப் பதில் பாதாம் பிசினோ கஞ்சியோ போடலாமா?

வேண்டாம். பாதாம் பிசின் ஊறினால் கட்டி கட்டியாகப் பருக்குமே தவிர சீராகக் கரையாது. அரைத்து வடிகட்டினாலும் ஓரத்தில் திட்டாக நிற்கும். கஞ்சி ஒரு வாரம் அழகாக இருக்கும். பிறகு ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும், கரப்பானும் வரும். மலிவாக வேண்டும் என்றால் சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) பவுடர் வாங்கி 100 மி.லி. தண்ணீருக்கு 1 முதல் 2 கிராம் தூவி, இரவு ஊறவிட்டுக் கலக்குங்கள். சின்னப் புட்டி அளவுக்கு மட்டும் கரைத்துக்கொள்ளுங்கள், நாள்பட்டால் கெட்டுவிடும்.

எந்த மெழுகு?

தனித் தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகும். சித்திரை வெயிலில் காருக்குள் வைத்த பையில் அது இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். 80 பாகைக்கு மேல் உருகும் கார்னாபா மெழுகைப் பாதிக்குப் பாதி சேர்த்து உருக்கி வார்த்தால் கெட்டியாக நிற்கும், பளபளப்பும் கூடும். வீட்டு மெழுகுவத்தி வேண்டாம், ஓரம் மடியும்போது வெள்ளையாகப் பொடிந்து உதிரும்.

மெருகேற்றிய பிறகும் அடுக்குக் கோடு தெரிகிறது. விளிம்பு காளான் மாதிரி விரிந்துவிட்டது. வெள்ளைத் திட்டு இருக்கிறது. சரி செய்ய முடியுமா?

மூன்றும் வேறு வேறு நோய். அடுக்குக் கோடு மயிரிழை போலத் தெரிந்தால் 400 உப்புத்தாளுக்குத் திரும்பி, தேய்க்கும்போது விழும் தோல்தூளை ஈரமான ஓரத்திலேயே அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி என்றால் பசை விட்டிருக்கிறது. ஊசி முனையில் பசை செலுத்தி அழுத்தி வைக்க வேண்டும்.

காளான் விரிவுக்குக் காரணம் அதிக ஈரமும் அதிக அழுத்தமும். நன்றாக உலரவிட்டு, விரிந்த உதட்டைப் பெவலரால் சீவிவிட்டு, பாதி ஈரத்தில், பாதி அழுத்தத்தில் மறுபடி தேயுங்கள்.

வெள்ளைத் திட்டு பிதுங்கிய பசைதான். காய்ந்த பசையைக் குத்தூசியால் சுரண்டி, 240 உப்புத்தாளில் பசை படாத வெறும் தோல் தெரியும்வரை இறங்கி, சாயத்திலிருந்து தொடங்குங்கள். மேலேயே சாயம் பூசி மறைக்கப் பார்த்தால் நடக்காது.

தோலில் திடீரென்று நீலக்கறுப்புப் புள்ளிகள். என்ன இது?

இரும்பு. பட்டைத் தோலில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும், இரும்புத் தூளும், ஈரமும் சந்தித்தால் மை உண்டாகும். கடுக்காயையும் இரும்பையும் வைத்து மை காய்ச்சியதும், கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு எழுதுவதும் இதே வேதிவினையால்தான். கட்டர் பிளேடைத் தீட்டிய தூள், அளவுகோலின் துரு, துருப்பிடித்த ஊசி எதுவும் போதும், ஈரக்கையால் தொட்டதும் புள்ளி விழும். உடனே எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் நனைத்து ஒற்றுங்கள், பெரும்பாலும் வெளுத்துவிடும். பிறகு சுத்தமான ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள், சாறு தோலில் தங்கக் கூடாது. ஈரம் காட்டுவதற்கு முன் மேசையைத் துடைத்துவிடும் பழக்கம் இருந்தால் இந்தத் தொல்லையே வராது.

சாயம் புடவையில் ஒட்டுமா?

துடைக்காமல் விட்டால் ஒட்டும். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையோடு அக்குளில் இடுக்கிக்கொண்டு போகும் பை இது. வேர்வையும் படும். சாயம் உலர்ந்ததும் வெள்ளைத் துணியில் நிறம் ஏறாதவரை துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அதே துணியை லேசாக ஈரமாக்கி ஒருமுறை சோதியுங்கள். ஈரத்துணியில் நிறம் வந்தால் மேற்பூச்சு இன்னொன்று தேவை. விற்பனைக்குச் செய்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் பையைக் கைமாற்றவே கூடாது.

மோட்டாரில் மாட்டித் தேய்க்கலாமா?

பத்துப் பை செய்கிறவர்களுக்கு உதவும். குறைந்த வேகத்தில் மட்டும். வேகம் கூடினால் ஒரே நொடியில் ஓரம் கருகும், கருகிய நார் உதிரும். வளைவுகளைக் கையாலேயே முடியுங்கள்.

மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறதே?

பட்டைத் தோல் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்தால் பத்து நாளில் வெள்ளைப் படலம் வரும். பருத்தித் துணிப்பையில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். படலம் வந்துவிட்டால் வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காயவிடுங்கள், நேர் வெயில் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்ததும், ஓரத்தில் மட்டும் மெழுகு தேய்த்துத் துணியால் சூடேறத் துடைத்தால் போதும். பழைய மெருகு அடியில் இருப்பதால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.